மூடிய கடலை வாசித்தவர்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடித உறைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் நான் பிட்டும் சம்பலுமாக உட்கார்ந்திருந்தேன். போர்மன் வாசலில் வந்து நின்று எனக்கு ஃபோன் வந்திருப்பதாகச் சொன்னார். வேலை நேரத்தில் எனக்கு ஃபோன் எடுக்கிறவர்கள் யாரும் இல்லை. அன்று காலையில் மரியநாயகம் அண்ணையின் மெசினில் வேறொருவர் நின்றதையும், “லீவு” என்று அவர் சொன்னதையும் நினைத்துக்கொண்டே போய் ரிசீவரை எடுத்தேன். மறுமுனையில் அண்ணையின் மனைவி றோசலின் அக்கா.

“தங்கச்சி, அவர் பஸ் ஸ்ரொப்பிலை விழுந்திட்டார். அம்புலன்ஸ் வந்து கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் போக முதலே முடிஞ்சுதாம்.”

அதற்கு நான் சொன்ன பதில்: “இன்னும் ஆறு பக்கம் இரிக்கி அக்கா.”

ஒரு மனிதர் செத்துப்போனார் என்று அவருடைய மனைவி சொல்கிறாள், நான் ரைப் அடிக்கவேண்டிய பக்கங்களை எண்ணிச் சொல்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அக்கா, “ஓம், ஆறு பக்கம்” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். நான் திரும்பிப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியை மூடி, மெசினுக்குப் போய் நின்று, மிச்ச நேரம் முழுக்க உறைகளை மடித்தேன். அழவில்லை. அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு உறைகூடப் பிழையாக வரவில்லை என்று போர்மன் அடுத்த நாள் சொன்னார்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அக்கா கேட்டார். நான் கட்டுரை எழுதுகிறவள் அல்ல. மட்டக்களப்புக் கச்சேரியில் அரசாங்க ரைப்பிஸ்டாக இருந்தவள். அடுத்தவர் எழுதியதை அச்சொட்டாக அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஆனாலும் அண்ணையைப் பற்றி இரண்டு மூன்று கிழமைகளாக நம் ஆட்கள் பேசிக்கொள்ளும் கதைகளைக் கேட்ட பிறகு, நான் எழுதாமல் விட்டால் அது இன்னொரு பிழையாகிவிடும் என்று பயந்து இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லவேண்டும். மரியநாயகம் அண்ணை தலைமன்னார் இறங்குதுறையில் இருபத்து நான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். இந்தியாவுக்குப் போகும் கப்பலின் ஆட்கணக்கு, சாமான் கணக்கு எல்லாம் அவருடைய வேலை. அதோடு யாரும் சொல்லாத ஒரு வேலையையும் தானாகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் துறையின் நுனிவரை நடந்து போய்க் காற்றையும் அலையையும் நீரோட்டத்தையும் பார்த்துவிட்டுத் தன்னுடைய கொப்பியில் ஒரு வரி எழுதுவார். அந்த வரி எப்போதும் ‘கடல் திறந்திருக்கிறது’ என்றோ ‘கடல் மூடியிருக்கிறது’ என்றோ முடியும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடை அடிக்கும்போது பக்கம் பக்கமாக மூடிய கடல்தான். கப்பல் கப்ரின் தன் இஷ்டப்படிதான் முடிவெடுப்பார். ஆனால் மீன்பிடிக்காரர்கள் அண்ணையைக் கேட்டுவிட்டுத்தான் தோணியைத் தள்ளுவார்களாம்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் அக்கரையில் நடக்கும் கலியாணத்துக்குப் போகவேண்டும் என்று துறையில் வந்து நின்றிருக்கிறார். மேலதிகாரி அண்ணையைக் கூப்பிட்டு, கடல் நல்லது என்று ஒரு துண்டு எழுதித் தரச் சொன்னார். அண்ணை எழுதிக் கொடுத்தது: ‘கடல் மூடியிருக்கிறது. பெரியவர் அவசரப்படுகிறார்.’ அந்தத் துண்டுக்காக அவருக்கு இரண்டு வருடம் பதவி உயர்வு நின்றது. இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார், அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களைத் துறையில் இறக்கி ஏற்றிப் பெயர் எழுதினார். பிறகு கப்பலும் நின்றுபோனது. அடுத்த வருடம் அக்காவின் தம்பி ஸ்பொன்சர் பண்ணி இருவரும் ரொறன்ரோ வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கடல் எழுதிய கொப்பிகளைக் கொண்டுவர முடியவில்லை.

நான் அவரைச் சந்தித்தது எண்பத்தைந்தில், இதே தொழிற்சாலையில். போர்மனின் வாய்க்கு மரியநாயகம் என்ற பெயர் வரவில்லை. முதல் நாளே அதை வெட்டி ‘மேரி’ ஆக்கிவிட்டார். ஐம்பது வயது தாண்டிய, மீசை வைத்த மனிதரை நாள் முழுக்க “மேரி, மேரி” என்று கூப்பிடுவார்கள், மற்ற மெசின்காரர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணை, “மாதாவின்ரை பேர்தானே, கூப்பிடட்டும்” என்று விட்டுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நேர அட்டை நிரப்பும்போது அவரைப் பார்க்கவேண்டும். பெயருக்கென்று விட்ட சின்னப் பெட்டிக்குள் அடங்காமல், கோட்டைத் தாண்டி ஓரம் வரைக்கும் தன் முழுப் பெயரையும் எழுதுவார். அவருக்கு வலித்தது என்று எனக்கு அதிலிருந்துதான் தெரியும்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், ஒரு கழிவு உறையில் ஏதோ கீறிவைத்து அதைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இராது.

“என்ன அண்ணை, பிள்ளைகள் மாதிரி மீன் கீறிக்கிட்டு இரிக்கிறீங்க?”

“தங்கச்சி, உது என்ரை மீன் இல்லை. ஈஸ்டர் தீவுக்காரன்ரை மீன். உம்மட ஊரிலை கடல் எப்ப மூடும்?”

“எங்கட கடல் மூடுறல்ல அண்ணை. கோவிக்கும். மார்கழியில நல்லாக் கோவிக்கும், பிறகு ஆறும்.”

“அப்ப மூடுது. நீங்கள் வேறை பேர் வச்சிருக்கிறியள்” என்றார். அப்படித்தான் எனக்கும் அந்த எழுத்துக்கும் பழக்கம் ஏற்பட்டது.

வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அபார்ட்மென்ற்றிலிருந்து ஒரு பஸ்ஸில் போகும் நூலகத்தில், மாடியில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். வகுப்பு முடிந்து கீழே இறங்கும்போது, யாரோ மேசையில் விட்டுப்போன ஒரு படப் புத்தகத்தில் அண்ணை அந்தப் பலகையைக் கண்டார். பசிபிக் கடலின் நடுவில் தனியே கிடக்கும் ஈஸ்டர் தீவில் மரப்பலகைகளில் செதுக்கிய எழுத்து அது. இருபது, இருபத்தைந்து பலகைகள்தான் உலகத்தில் மிஞ்சியிருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. மீன், பறவை, ஆமை, பிறை, கை தூக்கிய மனிதன் என்று அடுக்கடுக்காகச் சிறு உருவங்கள். ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பித்தான் அடுத்த வரியைப் பார்க்கவேண்டும். அதில் ஒரு பகுதி நிலாவின் நாட்களைக் குறிக்கிறது என்று படித்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணை அதற்கு மேலே போனார்.

“பாட்டுமில்லை, மந்திரமுமில்லை. கடலுக்கு எப்ப போகலாம், எப்ப போகக்கூடாது எண்டு வருசம் முழுக்க எழுதி வச்சிருக்கிறாங்கள். இஞ்சை பாரும், மீன், மீன், மீன். பிறகு இவ்வளவு தூரத்துக்கு ஒரு மீனுமில்லை. ஏன் இல்லை? கடல் மூடியிட்டுது.”

அவருடைய வேலைமுறை விசித்திரமானது. தொழிற்சாலையில் கழித்துவிடும் உறைகளைக் கேட்டு வாங்கி, ஒரு குறிக்கு ஒரு உறை என்று வைத்துக்கொண்டார். உறையின் மேல் குறியைக் கீறுவார். அது எங்கெங்கே வருகிறது, பக்கத்தில் எது நிற்கிறது என்று துண்டுகள் எழுதி உள்ளே போடுவார். பிறகு உறைகளை ஆண்டின் ஒழுங்கில் அடுக்குவார். திறந்த கடலுக்கு உரியவை நேராக, மூடிய கடலுக்கு உரியவை தலைகீழாக. இலக்கம் போடமாட்டார். “இலக்கம் போட்டால் மனம் அதிலை ஒட்டிப்போகும். பிழை எண்டால் மாத்த மனம் வராது” என்பார். அந்த அடுக்குத்தான் அவருடைய கண்டுபிடிப்பு முழுவதும். அது ஒரு றப்பர் வளையத்துக்குள் இருந்தது.

எண்பத்தாறில் மல்வேர்னில் நம் ஆட்களின் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். அவர் கால் மணித்தியாலம் பேசியிருப்பார், முன்வரிசையில் ஒருவர் எழும்பி, “மாஸ்ரர், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. உது தமிழ்தானே?” என்று கேட்டார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். வீட்டையும் நாட்டையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு தீவு கிடைத்திருக்கும். அண்ணை, “இல்லை. தமிழெண்டால் நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டன்” என்றார். சிலர் சிரித்தார்கள், பலர் சாப்பிட ரோல்ஸ் எடுக்கப் போனார்கள். அதன்பிறகு எந்த மேடைக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. அதே மனிதர் அண்ணையின் பிரேதத்துக்கு முன்னால் நின்று, “தமிழனின் எழுத்தைக் கண்டுபிடித்த மேதை” என்று பேசினார். நான் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எண்பத்தேழில் நான் பழைய ரைப்றைற்றர் ஒன்று வாங்கினேன். அண்ணை தமிழில் சொல்ல, இருவருமாக மல்லுக்கட்டி ஆங்கிலத்தில் ஆக்கி, ஞாயிறு தோறும் பூசைக்குப் பிறகு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அடிப்பேன். மேசை முழுக்க உறைகள். அக்காவும் நாங்களும் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

“அந்தத் தீவிலை சனம் மேசையிலை சாப்பிட்டதோ எண்டு கேளும் தங்கச்சி” என்பார் அக்கா.

“மரமில்லாத தீவு. மேசைக்கு எங்கை போறது?” என்பார் அண்ணை.

“இஞ்சை மரமிருக்கு, மேசையுமிருக்கு. அதுதான் கேக்கிறன்.”

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கு, மூன்று பக்கச் சுருக்கம் ஒன்றைத் துணிந்து அனுப்பினோம். பதில் வராது என்று நான் பந்தயம் கட்டினேன். வந்தது. வசந்த காலத்தில் ஒரு ஆய்வுக்கூட்டம் இருக்கிறது, முழுக் கட்டுரையையும் பங்குனி முடிவதற்குள் அனுப்பினால் அங்கே வாசிக்கலாம், பிறகு அச்சிலும் வரலாம் என்று இருந்தது. கடிதத்தின் தலையில் அண்ணையின் பெயர் ஒரு எழுத்தும் குறையாமல் முழுதாக இருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். போர்மன் “மேரி” என்று கூப்பிட்டபோதெல்லாம் கை அந்தப் பையைத் தொட்டுவிட்டு வந்தது. அந்தக் கட்டுரை அச்சில் வருவது அவருக்கு என்ன என்று நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இனி நான் சொல்லப் பயந்த இடத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் தை மாதம், ஒரு இடப்பெயருக்கு எழுத்துக்கூட்டுப் பார்ப்பதற்காக அதே நூலகத்துக்குப் போனேன். மாலுமிகளுக்கென்று எழுதிய ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. தென்கடல் தீவுகளின் காற்றும் அலையும் மாதவாரியாகப் போட்டிருந்தது. பெயரைப் பார்த்து எழுதிவிட்டு, சும்மா கண்ணை ஓடவிட்டேன். ஈஸ்டர் தீவில் கடல் கொந்தளிப்பது ஆனி, ஆடி, ஆவணியில். அந்த மாதங்களில் தீவார் ஆழக்கடலுக்குப் போகாமல் விட்டிருந்தார்கள். கார்த்திகை, மார்கழி, தை அங்கே நல்ல கடல், மீன் படும் காலம்.

அண்ணையின் அடுக்கில் மூடிய கடல் கார்த்திகையில் தொடங்கியது. எழுத்தில் ஒரு புள்ளிக் கூட்டத்தை அவர் கார்த்திகை நட்சத்திரம் என்று வாசித்திருந்தார். கார்த்திகை மீன் பொழுதுபட அடிவானத்தில் ஏறினால் மழை, வாடை, மூடிய கடல். இதில் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. கேவலம், எனக்கும் வரவில்லை. நாங்கள் இருவரும் மழையைக் கார்த்திகையோடு சேர்த்துத் தாய்ப்பாலில் குடித்தவர்கள். பூமியின் கீழ்ப்பாதியில் காலம் மாறி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம்தான். “குளிர், வெயில் எண்டு வருசத்தைப் பிரிக்கிறது குளிர்நாட்டுக்காரர். கடல்காரனுக்குக் காத்துத்தான் வருசம்” என்று அண்ணை சொன்னதை ஆங்கிலத்தில் அழகாக அடித்துக் கொடுத்ததே நான்தான். அந்த வசனத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மன்னார்க் கடலின் காற்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பசிபிக்கில் வீசவிட்டிருந்தோம்.

புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். நூலகப் பெண் வந்து, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்டாள்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு அந்த வீட்டில் சாப்பிட்டேன். சட்டைப்பையில் அந்தக் கடிதத்தோடு இருக்கிற மனிதரிடம், “அண்ணை, உங்கட வருசம் தலைகீழா இரிக்கி” என்று எப்படிச் சொல்லுவது? அடிப்பதைத் தாமதமாக்கினேன். றிபன் தேய்ந்துபோனது என்று முதல் ஞாயிறு ஒரு பொய். விரல் நோகிறது என்று அடுத்த ஞாயிறு. பங்குனி தாண்டிவிட்டால் கட்டுரை தானாக நின்றுவிடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். இவ்வளவுதான் என் வீரம்.

கடைசி ஞாயிறு அவர் கேட்டார். அதை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு.

“தங்கச்சி, எழுதினதிலை ஏதும் பிழை கிடக்கோ?”

“ஸ்பெலிங் பிழைதான் அண்ணை. எல்லாம் திருத்திப்போட்டன்.”

“ஸ்பெலிங் மட்டுந்தானே?”

“ஓம் அண்ணை.”

“சரி. ஆறுதலா அடியும். அவசரமில்லை” என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. திங்கட்கிழமை அவர் நின்றது வேறு பகுதியில், தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். செவ்வாய்க்கிழமை லோறன்ஸ் அவெனியூவில் பஸ்ஸுக்கு நின்றவர் பனியில் சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தேழு வயது. ஒரு நாள் தலையிடி என்று படுத்ததை நான் அறியேன்.

அடக்கம் முடிந்த பிறகு, இந்த மலரை அச்சிடும் சங்கத்தின் செயலாளர் என்னிடம் வந்தார். மலரில் என் கட்டுரைதான் முதலாவதாம். “ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்தை வாசித்து முடித்த தமிழர் எண்டு தொடங்குங்கோ” என்று தலைப்பும் வசனமும் தந்துவிட்டுப் போனார். அதோடு தூக்கம் போயிற்று. வாசித்து முடித்தார் என்று எழுதினால் பொய். பிழைவிட்டார் என்று எழுதினால், அதை இவள் எப்போது கண்டாள், ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். கேள்வி வரட்டும் என்று துணிய எனக்கு எட்டு நாள் பிடித்தது.

போன கிழமைக்கு முந்தின சனிக்கிழமை றோசலின் அக்காவிடம் போனேன். சாப்பாட்டு மேசை வெறுமையாகத் துடைத்துக் கிடந்தது. அதில் எனக்கு இடியப்பம் வைத்தார். அந்த மேசையில் கோப்பை வைத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், மாதங்கள், றிபன், விரல்.

“தெரியும்” என்றார் அக்கா.

எனக்கு விளங்கவில்லை.

“அவருக்குத் தெரியும். நீர் றிபன் முடிஞ்சுது எண்ட ஞாயிறுக்கு அடுத்த நாள் லைபிறறிக்குப் போனவர். உங்களுக்கு ரைப் அடிக்கிற பிள்ளை உந்தப் புத்தகத்தோடை கனநேரம் இருந்தவ, முகம் வெளிறிப் போச்சுது எண்டு அந்தப் பொம்பிளை சொல்லியிருக்கிறா. அவரும் எடுத்துப் பாத்தவர். வீட்டை வந்து, ‘பரமேஸ்வரி கண்டிட்டாள், எனக்குச் சொல்லப் பயப்பிடுறாள்’ எண்டார். அப்ப போய்க் கேளுங்கோவன் எண்டன். ‘நான் கேட்டால் அவளுக்கு வெக்கமாப் போகும், அவளாச் சொல்லட்டும்’ எண்டார்.”

நான் கையை உதறிக்கொண்டு எழும்பினேன், திரும்ப இருந்தேன். எங்கே போக எழும்பினேன் என்று எனக்கே தெரியாது.

“நீர் மூண்டு கிழமை சொல்லாமல் விட்டீர். அவர் மூண்டு கிழமை கேக்காமல் விட்டார்” என்றார் அக்கா. “ரெண்டு பேருக்கும் மரியாதை கூடிப்போச்சு.”

அவருடைய குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்குத் தேவையாகவும் இருந்தது. பிறகு அவர் உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்ரிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே உறைகள் இருந்தன.

அந்தக் கடைசிக் கிழமைகளில், நான் வீட்டுக்குப் போன பிறகு, அண்ணை அடுக்கை மாற்றத் தொடங்கியிருக்கிறார். அதே கார்த்திகை மீன் ஆனி மாதத்தில் விடியப்புறம் அடிவானத்தில் ஏறுகிறதே, அப்போது மூடிய கடல் அங்கேயல்லவா தொடங்கவேண்டும் என்று, மூன்று வருட அடுக்கைக் குலைத்து, ஏழு மாதம் தள்ளி அடுக்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் லீவு போட்டதும் அதற்காகத்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அக்காவிடம் சொன்னாராம்: “இப்ப சரி வருது போலை கிடக்கு. ஒண்டே ஒண்டு பாக்கவேணும்.” உறைகளை வளையம் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் புறப்பட்டார்.

விழுந்தபோது வளையம் அறுந்து உறைகள் பனியில் சிதறியிருக்கின்றன. பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் ஒன்றும் விடாமல் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர், அல்லது ஒரு நல்ல பெண், அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, தலைகீழாகக் கிடந்தவற்றையெல்லாம் நேராகத் திருப்பி, பெரியதிலிருந்து சின்னதுவரை ஒழுங்காக அடுக்கி அம்புலன்ஸ்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவ்வளவு அழகான அடுக்கு. எந்தக் குறி திறந்த கடலுக்கு, எந்தக் குறி மூடிய கடலுக்கு, எதற்குப் பின் எது, ஒன்றும் அதில் இல்லை. உள்ளே இருந்த துண்டுகள் எல்லாம் பழைய துண்டுகள். புதிய அடுக்கு அவருடைய கையில் மட்டும் இருந்தது. பறவை எங்கே விழுந்தது, ஆமை எங்கே விழுந்தது, சரிவந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் முதல் ஞாயிறே சொல்லியிருந்தால், எனக்கு ஒளித்து இரவில் செய்யாமல், தை முடிவதற்குள் அவர் அடுக்கி முடித்திருப்பார், நான் அடித்தும் முடித்திருப்பேன்.

“எல்லாத்தையும் எழுதும்” என்றார் அக்கா. “கடல் கொப்பியிலை அந்த மனிசன் ஒரு நாளும் பொய் எழுதினதில்லை. அவரைப் பற்றியும் பொய் எழுதவேண்டாம்.”

எழுதிவிட்டேன். செயலாளர் மன்னிக்கவேண்டும். மரியநாயகம் அண்ணை அந்த எழுத்தை வாசித்து முடிக்கவில்லை. அது காலத்தைச் சொல்லும் பலகை என்று மூன்று வருடம் நம்பினார். அதன் ஆண்டை எங்கள் ஊர்க் காற்றில் கட்டி ஒரு பெரிய பிழைவிட்டார். பிழை என்று கண்ட அடுத்த நாளே, ஐம்பத்தேழு வயதில், எல்லாவற்றையும் குலைத்து முதலிலிருந்து தொடங்கினார். இன்னொருவர் முகம் வாடக்கூடாது என்று அதை ஒருவருக்கும் காட்டாமல் செய்தார். எனக்குத் தெரிந்த மேதை இதுதான்.

மிச்ச ஆறு பக்கங்களையும் அவர் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல் அடித்தேன். ஏழாவது பக்கம் ஒன்று நானாக எழுதிச் சேர்த்தேன். இதில் உள்ள ஆண்டுக் கணக்குப் பிழை, ஆசிரியர் அதை அறிந்து திருத்திக்கொண்டிருக்கும்போது காலமானார், திருத்தம் தொலைந்துவிட்டது, அதை முன்பே சொல்லாதது தட்டச்சு செய்தவளின் குற்றம். இப்படியே எழுதி, முதல் பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் அடித்து, போன திங்கட்கிழமை தபாலில் போட்டேன். அந்தப் பேராசிரியர் என்ன செய்வார் என்று தெரியாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு அக்காவோடு சேமக்காலைக்குப் போனேன். இன்னும் கல் வைக்கவில்லை. பெயரெழுதிய ஒரு சின்னத் தகடு பனிக்குள் குத்தியிருந்தது. அக்கா குனிந்து கையால் பனியைத் தள்ள, பெயர் முழுவதும் வெளியே வந்தது. அவர் மெழுகுதிரி கொளுத்தக் காற்று விடவில்லை, நான் கோட்டை விரித்து மறைத்துப் பிடித்தேன். பிறகு, அக்கா பக்கத்தில் நிற்கும்போதே, சத்தமாகச் சொன்னேன்.

“அண்ணை, பிழை ஒண்டு இரிக்கி. ஸ்பெலிங் இல்ல. நீங்க கடல மூடின மாசம் பிழை. அங்க கடல் மூடுறது ஆனியில. நான் தை மாசமே கண்டிட்டன், உங்களுக்குச் சொல்லல்ல. போயிற்று வாங்க அண்ணை.”